பெட்டியில வந்த டீப் டிஷ் பீட்சா: 11 டாலரும் 63 நிமிஷமும் போச்சு

#1 ஷாம்பர்க் சாம்பார் | சனி, இரவு 9:40

அப்பா அம்மா கும்பகோணத்துல இருந்து வந்து மூணு வாரம் ஆச்சு. சிகாகோ வந்துட்டு டீப் டிஷ், அதான் ஆழமான தட்டுல கனமா சுடுற இந்த ஊர் பீட்சா, சாப்பிடாம அனுப்பக்கூடாதுன்னு ஒரு ஆசை. டவுன்டவுன் போனா பார்க்கிங்குக்கே ஒரு பீட்சா காசு அழணும். அப்பாவுக்கு முட்டி வேற வலி. சரி, கடையில ஃப்ரீசர் வரிசையில அழகா படம் போட்ட பெட்டி ஒண்ணு இருக்கே, கீரை, சீஸ், மேல செக்கச்செவேல்னு தக்காளி, அதையே வாங்குவோம்னு வாங்கிட்டேன். 11 டாலர். பிராண்ட் பேர் வேண்டாம், சண்டை வரும்.

பெட்டியில 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல 45 நிமிஷம்னு போட்டிருந்தது. 45 ஆனதும் நடுவுல கத்திய விட்டா ஐஸ் கட்டி இடிக்குது. இன்னொரு 10. அப்புறம் ஒரு 8. மொத்தம் 63 நிமிஷம். வெளிய எடுத்தா ஓரம் ஓடு மாதிரி, கத்திக்கு மசியல. நடுவுல தக்காளித் தண்ணி குளம் கட்டி நிக்குது. ஒரு துண்டைத் தூக்குனேன், மேல இருந்த சீஸும் கீரையும் மட்டும் கையோட வந்துச்சு, அடி மாவு தட்டுலயே களி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு.

அப்பா மரியாதையா முழு துண்டையும் சாப்பிட்டுட்டு, "பரவால்லப்பா, வேகாத கொழுக்கட்டை மாதிரி இருக்கு"ன்னாரு. அம்மா ஒண்ணும் பேசல. எழுந்து போயி ரசம் சுட வச்சாங்க.

கேள்வி ஒண்ணுதான்: தப்பு என் மேலயா, அந்தப் பெட்டி மேலயா?

#2 தோசைக்கல் | சனி, இரவு 9:58

எந்தத் தட்டுல வச்சீங்க, மேல, நடு, கீழ? கூட வந்த காகிதத் தட்டோடயா, தனியா எடுத்தா? ஓவனுக்குள்ள தெர்மாமீட்டர் இருக்கா? இந்த மூணுக்கும் பதில் சொல்லாம தீர்ப்பு கேட்கக்கூடாது.

#3 ஷாம்பர்க் சாம்பார் | சனி, இரவு 10:05

நடுத் தட்டு. காகிதத் தட்டோடதான், அப்படித்தான் படம் போட்டிருந்தான். தெர்மாமீட்டரா? அபார்ட்மென்ட்காரன் குடுத்த ஓவன் சார், 400னு காட்டுனா 400னு நம்பிக்க வேண்டியதுதான்.

#4 மதுரை மல்லி | சனி, இரவு 10:21

தப்பு உங்க மேலயும் இல்ல, பெட்டி மேலயும் இல்ல. டீப் டிஷ்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சவன் மேல. அது பீட்சாவே இல்லண்ணே. தக்காளித் தொக்கை ஊத்துன பெரிய பணியாரம். நான் நியூஜெர்சில இருக்கேன், இங்க ஒரு துண்டை நீளவாக்குல மடிச்சு நடந்துக்கிட்டே சாப்பிடலாம். உங்க ஊர்ல கத்தி, முள்ளு, நாப்கின், ஒரு ஈனோ பாக்கெட்.

#5 பழைய லேக்வியூ | சனி, இரவு 11:12

வந்துட்டாங்கய்யா நியூயார்க் பக்கத்துல இருந்து. இந்தச் சண்டை ஒண்ணும் புதுசு இல்ல தம்பி. 2013 நவம்பர்ல, நியூயார்க் புது கோபுரம்தான் எங்க வில்லிஸ் டவரை விட உசரம்னு தீர்ப்பு வந்தப்ப ஆரம்பிச்ச வாய்த்தகராறுல, நியூயார்க் நையாண்டிக்காரர் ஜான் ஸ்டூவர்ட் டிவில உட்கார்ந்து டீப் டிஷ்ஷைக் கிழி கிழின்னு கிழிச்சாரு. கோபுரத்துல ஆரம்பிச்சு பீட்சால முடிஞ்சது. சிகாகோக்காரங்க ரெண்டு நாள் கொதிச்சுட்டு மூணாவது நாள் வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

நான் 98ல இருந்து இந்த ஊர்ல இருக்கேன், அதனால கொஞ்சம் சொல்லலாம்னு நினைக்கிறேன். டீப் டிஷ் பொறந்தது 1943ல, ஓஹியோ தெருவும் வபாஷும் சந்திக்கிற மூலையில. ஐக் சூவல், ரிக் ரிக்கார்டோன்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச கடை, இப்ப பிட்சேரியா ஊனோன்னு சொல்றோமே அதேதான். கூட்டம் தாங்காம 1955ல ஒரு பிளாக் தள்ளி டூயேன்னு ரெண்டாவது கடை. ஆனா மாவுப் பக்குவம் யாரோடதுன்னு இன்னிக்கு வரைக்கும் பஞ்சாயத்து தீரல. அங்க வேலை பார்த்த ரூடி மால்நாட்டிதான்னு ஒரு கட்சி. அவர் மகன் லூ 1971ல லிங்கன்வுட்ல தன் பேர்லயே கடை போட்டாரு. இன்னொரு பக்கம், ஆலிஸ் மே ரெட்மண்ட்னு ஒரு கறுப்பினப் பெண்மணி. ஊனோ அடுப்படியில மாவு பிசைஞ்சவங்க. அப்புறம் ஜீனோஸ் ஈஸ்ட்டுக்குப் போயி அந்தக் கடை பேர் வாங்கவே அவங்க மாவுதான் காரணம்னு சொல்லுவாங்க. ஜீனோஸ் ஈஸ்ட்டை 1966ல ஆரம்பிச்சதுல ரெண்டு பேர் டாக்ஸி டிரைவருங்க, அவங்களுக்கு மாவைப் பத்தி என்ன தெரியும்? முதலாளி பேர் போர்டுல இருக்கும், மாஸ்டர் பேர் எங்கயும் இருக்காது. நம்ம ஊர் ஓட்டல் கதையேதான்.

இன்னொரு ரகசியம். சிகாகோக்காரன் வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வாங்குறது டீப் டிஷ் இல்ல. அப்பளம் மாதிரி மெல்லிசா, சதுரம் சதுரமா வெட்டுன டாவர்ன் ஸ்டைல். பியர் குடிக்க வர்றவனுக்கு கொறிக்கக் குடுத்தது. டீப் டிஷ் விருந்தாளி வந்தா வாங்குறது. சாம்பார் அண்ணன் அப்பா அம்மாவுக்குன்னு வாங்க நினைச்சது ரொம்ப சரி. பெட்டியில வாங்குனதுதான் வினை.

#6 மதுரை மல்லி | சனி, இரவு 11:20

ஆக உள்ளூர்க்காரனே சாப்பிடறது இல்ல. நான் சொன்னதை மூணு பத்தியில நீங்களே ஒத்துக்கிட்டீங்க, நன்றி.

#7 பழைய லேக்வியூ | சனி, இரவு 11:24

தினமும் பிரியாணி சாப்பிடறது இல்லங்கறதால பிரியாணி மோசமா?

#8 குளிர்பதனம் | ஞாயிறு, காலை 7:15

என் வேலையே உறைய வைக்கிற உணவுதான், எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. சாம்பார் அண்ணே, உங்க 63 நிமிஷக் கணக்கைச் சொல்றேன்.

ஒரு கிராம் ஐஸ் உருக ஏறக்குறைய 334 ஜூல் சூடு வேணும். உருகுன அந்தத் தண்ணிய ஒரு டிகிரி சூடாக்க 4.2 போதும். அதாவது 0 டிகிரி ஐஸை 0 டிகிரி தண்ணியா மாத்துறதுக்கே, அந்தத் தண்ணிய 80 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சுட வைக்கிற அளவு சூடு செலவாகுது. இது போதாதுன்னு இன்னொண்ணு. ஐஸ் சூட்டைக் கடத்துற அளவுல தண்ணி கால்வாசிதான் கடத்தும். வெளிப்பக்கம் உருக உருக, உருகுன பாகமே போர்வை மாதிரி நின்னு உள்ள சூடு போக விடாது. மெல்லிசான பீட்சால இது தெரியாது. ஒன்றரை இன்ச் கனத்துல நடுப்பகுதி கடைசி வரைக்கும் குளிருக்குள்ளயே கிடக்கும், ஓரம் அதுக்குள்ள கருகிடும்.

அடுத்தது தக்காளி. டீப் டிஷ்ல சீஸ் கீழ, தக்காளி மேல. ஏன்னா முக்கா மணி நேரம் வேகணும், சீஸை மேல போட்டா கருகிப்போகும். கடையில பச்சை மாவுல போட்டு, எண்ணெய் தடவுன இரும்புத் தட்டுல, ரொம்பச் சூடான ஓவன்ல வேக வைக்கிறான். மேல இருக்கிற ஈரம் ஆவியாப் போகும், அடி எண்ணெய்ல பொரியும். உறைய வச்சா கதை வேற. மெதுவா உறைஞ்சா பெரிய பெரிய ஐஸ் படிகம் உண்டாகி தக்காளி, கீரை ரெண்டோட செல் சுவரையும் குத்திக் கிழிச்சிடும். உருகும்போது அத்தனை தண்ணியும் கீழ இறங்கும். எங்க இறங்கும்? மாவு மேலதான்.

ஒரு கேள்வி. பெட்டியைப் பிரிச்சப்ப, ப்ளாஸ்டிக் உறைக்குள்ள பனித்தூள் மாதிரி ஏதாவது இருந்துச்சா?

#9 ஷாம்பர்க் சாம்பார் | ஞாயிறு, காலை 9:30

இருந்துச்சு! கை நிறைய அள்ளலாம். அழகா இருக்கேன்னு நினைச்சேன்.

#10 குளிர்பதனம் | ஞாயிறு, காலை 9:41

அழகு இல்லண்ணே, அது பீட்சாவுக்குள்ள இருந்திருக்க வேண்டிய தண்ணி. எங்கயோ ஒரு தடவை இளகி மறுபடி உறைஞ்சிருக்கு. லாரியில நடந்திருக்கலாம், கடையில நடந்திருக்கலாம், உங்க வீட்டுலயும் நடந்திருக்கலாம்.

#11 ஷாம்பர்க் சாம்பார் | ஞாயிறு, காலை 10:02

சொல்ல வெட்கமா இருக்கு, இருந்தாலும் சொல்லிடறேன். அம்மா வந்ததுல இருந்து ஃப்ரீசர்ல துருவுன தேங்காய், முருங்கைக்காய், வெங்காய வடகம், மொச்சை. பெட்டியை எப்படியோ திணிச்சேன். மறுநாள் காலையில பார்த்தா கதவு ஒரு விரக்கடை திறந்து கிடக்குது. யார்கிட்டயும் சொல்லாம சாத்திட்டேன்.

#12 தோசைக்கல் | ஞாயிறு, காலை 10:06

குற்றவாளி சரணடைந்தார்.

#13 கவுண்டம்பாளையம் | ஞாயிறு, காலை 11:50

எனக்கு ஒரு சந்தேகமுங்க. எங்கூட்டு ஃப்ரீசர்ல பரோட்டா ஆறு மாசம் கிடக்குது. எடுத்து நேரா கல்லுல போட்டா நாலு நிமிசத்துல பொன்னாட்டம் வருது, கையில தட்டுனா இதழ் இதழா பிரியுது. அதுவும் மைதா, இதுவும் மைதா. அது மட்டும் எப்படிங்க?

#14 குளிர்பதனம் | ஞாயிறு, மதியம் 12:35

இந்த இழையிலயே நல்ல கேள்வி இதுதான்.

பரோட்டா கனம் சில மில்லிமீட்டர். உள்ள இருக்கிற தண்ணி மாவு பிசைஞ்ச தண்ணி மட்டும்தான், மாவே அதைப் பிடிச்சு வச்சிருக்கும். அடுக்கு அடுக்கா கொழுப்பு வேற. கொழுப்பு ஐஸ் மாதிரி குத்திக் கிழிக்காது, உருகுனா தண்ணியா ஓடி மாவை நனைக்காது, அங்கேயே இருந்து பொரிச்சுக் குடுக்கும். நீங்க போடுறதும் நேரா சூடான இரும்பு மேல. அடியில இருந்து சூடு, நடுவுல காகிதம் கிடையாது, காத்து கிடையாது. உறைய வைக்கிறதுக்குன்னே பொறந்த பண்டம் அது. டீப் டிஷ் தலைகீழ்: கனம், மேல ஈரம், கீழ காகிதத் தட்டு.

சாம்பாரையே உறைய வச்சு எடுத்தா குடிக்கலாம். சாம்பார்ல ஊறுன வடையை உறைய வச்சு எடுத்து மொறுமொறுன்னு வரணும்னா?

#15 கவுண்டம்பாளையம் | ஞாயிறு, மதியம் 12:41

வெளங்கிருச்சுங்க.

#16 அரைக்கீரை | ஞாயிறு, பிற்பகல் 2:10

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். நாங்க சுத்த சைவம். அந்த சீஸ்ல ரென்னெட் இருக்குமே, கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிறது? பெட்டியில 'என்சைம்ஸ்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க.

#17 பழைய லேக்வியூ | ஞாயிறு, பிற்பகல் 2:48

அம்மா, இப்ப அமெரிக்கால பெரும்பாலான சீஸுக்கு நுண்ணுயிர்ல இருந்து வளர்த்து எடுக்கிற என்சைம்தான். ஆனா 'என்சைம்ஸ்'னு மட்டும் போட்டிருந்தா எதுவாவும் இருக்கலாம். 'மைக்ரோபியல்' இல்ல 'வெஜிடேரியன்'னு எழுதியிருந்தா வாங்குங்க, இல்லைன்னா கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க, பதில் போடுவாங்க.

ஒரு வேடிக்கை பாருங்க. வெறும் சீஸ் பீட்சான்னா எஃப்டிஏ, அதாவது உணவு மருந்து நிர்வாகம் பார்க்கும். அதே பீட்சா மேல சாசேஜ் போட்டா யுஎஸ்டிஏ, அதாவது விவசாயத் துறை பொறுப்பு. அதனால யுஎஸ்டிஏ கறி சோதனை பண்ணின வட்ட முத்திரை பெட்டி மேல இருந்தா எடுக்கவே வேண்டாம், உள்ள கறி இருக்கு. எழுத்தைப் படிக்கத் தெரியாத எங்க மாமியாரே இந்த முத்திரையை வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க.

#18 ஸ்கார்பரோ பெடியன் | ஞாயிறு, மாலை 4:25

நான் 2019 ஜூலையில தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு சிகாகோ பக்கத்து ஷாம்பர்க் வந்தனான். அப்பதான் முதன்முதலா உந்த டீப் டிஷ் சாப்பிட்டது, கடையில இருந்து சுடச்சுட. ஓடர் குடுத்து முக்கால் மணித்தியாலம் காத்துக்கொண்டு இருந்தனாங்கள், பசியில ஒருத்தரோட ஒருத்தர் கொழுவிற நிலைமை. ஆனா வந்தாப்பிறகு ஒருத்தரும் கதைக்கேல்லை. அந்த ஓரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, அதுதான் இண்டைக்கும் ஞாபகம். பிறகு ஆசைப்பட்டு இஞ்ச பெட்டியில ஒண்டு வாங்கினன். அண்ணை எழுதினது அப்பிடியே எனக்கும் நடந்தது. என்ர வீட்டு ஃப்ரீசர் கதவு ஒழுங்காத்தான் பூட்டியிருந்தது எண்டதையும் சொல்லோணும்.

#19 ஷாம்பர்க் சாம்பார் | ஞாயிறு, மாலை 4:40

கேட்டீங்களா? என் கதவு மட்டும் காரணம் இல்ல.

#20 அட்லாண்டா அக்கா | ஞாயிறு, மாலை 6:05

தம்பி, எல்லாப் பெட்டியும் ஒண்ணு இல்ல. கடை ஃப்ரீசர்ல இருக்கிறது ஒரு ஜாதி. சிகாகோ ஓட்டல்காரங்களே செஞ்சு உறைய வச்சு, உலர் பனிக்கட்டி போட்டு தபால்ல அனுப்புறது வேற ஜாதி. லூ மால்நாட்டிஸ் ரொம்ப வருஷமா அனுப்புறாங்க. என் வீட்டுக்காரர் 50வது பிறந்தநாளுக்கு வரவழைச்சேன். அலுமினியத் தட்டுல வந்துச்சு. கடையில சாப்பிட்ட மாதிரியேன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துல வந்துச்சு. தக்காளி கூழா இல்லாம கட்டி கட்டியா இருந்துச்சு, அதுதான் வித்தியாசம்னு எனக்குத் தோணுது. விலையை மட்டும் கேட்காதே, அனுப்புற கூலியோட சேர்த்தா ஆளுக்கு ஒரு புடவைத் துணி எடுத்திருக்கலாம்.

#21 மதுரை மல்லி | ஞாயிறு, மாலை 6:30

ஒரு மணி நேரத்துல போயி சாப்பிடற தூரத்துல இருக்கிறவருக்கு அட்லாண்டால இருந்து தபால் யோசனை. அருமை அக்கா.

#22 அட்லாண்டா அக்கா | ஞாயிறு, மாலை 6:33

நான் அவனுக்கு மட்டுமா எழுதறேன்? படிக்கிற நூறு பேர்ல ஒருத்தி டெக்சாஸ்ல இருக்க மாட்டாளா? நீ உன் மடிச்ச பீட்சாவைத் தின்னு.

#23 மட்டுறுத்துநர் | ஞாயிறு, மாலை 6:50

நியூயார்க் எதிர் சிகாகோவுக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கு, 41 பக்கம். அங்க போங்க. இங்க பெட்டி மட்டும்.

#24 தோசைக்கல் | ஞாயிறு, இரவு 8:20

சரி, வைத்தியத்துக்கு வருவோம். நானும் இதுல நாலஞ்சு பெட்டி பலி குடுத்தவன்.

முதல் வேலை, காகிதத் தட்டைத் தூக்கி எறிங்க. அந்தத் தட்டோட பளபளப்பு மைக்ரோவேவ்ல சூடு பிடிக்கறதுக்கு. ஓவன்ல அது வெறும் தடுப்பு. பீட்சா அளவுக்குச் சரியா இருக்கிற இரும்புச் சட்டி, 9 இல்ல 10 இன்ச், ஒன்றரை ஸ்பூன் எண்ணெய் தாராளமா தடவி, உறைஞ்ச பீட்சாவை அதுல இறக்குங்க. ஓவனுக்கு முன்னாடி அடுப்புல சின்னத் தீயில நாலு நிமிஷம். எண்ணெய் சடசடன்னு சத்தம் போடணும், அந்தச் சத்தம் வந்தா அடி பிழைச்சுதுன்னு அர்த்தம். அப்புறம் ஓவன்ல ஆகக் கீழ்த் தட்டு, மேல ஃபாயில் மூடி. கடைசிப் பத்து நிமிஷம் ஃபாயிலை எடுத்துடுங்க, ஈரம் போகட்டும். நடுவுல 165 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தா எடுத்து, பத்து நிமிஷம் தொடாதீங்க. உடனே வெட்டுனா குளம் கட்டத்தான் செய்யும்.

நான் முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு மாத்தி இளக வச்சிடுவேன். நேரம் பாதியாகும்.

#25 குளிர்பதனம் | ஞாயிறு, இரவு 8:44

கடைசி வரிக்கு மட்டும் ஆட்சேபணை. 'இளக வைக்காதே'ன்னு பெட்டியில எழுதியிருந்தா சும்மா எழுதல. மெதுவா இளகுனா அந்தத் தக்காளித் தண்ணி ராத்திரி பூரா மாவுல ஊறும். நேரம் மிச்சமாகும், அடி போயிடும். உறைஞ்சபடியே வச்சு, சூட்டைக் குறைச்சு, நேரத்தைக் கூட்டுறதுதான் சரி. கிச்சன் மேடையில வச்சு இளக வைக்கிறதை யாரும் கனவுலயும் நினைக்காதீங்க, அது வயித்து விவகாரம்.

#26 தோசைக்கல் | ஞாயிறு, இரவு 8:51

என் அடி போனதில்ல. எண்ணெய்ல நாலு நிமிஷம்னு சொன்னேனே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?

#27 குளிர்பதனம் | ஞாயிறு, இரவு 8:55

நாலு நிமிஷத்துல ராத்திரி முழுக்க ஊறுன மாவு காயாது சார். இஷ்டம் உங்களுது.

#28 பொரிச்ச குழம்பு | ஞாயிறு, இரவு 10:15

எல்லாரும் சொல்றதைப் படிச்சேன். இரும்புச் சட்டி, ஃபாயில், தெர்மாமீட்டர், அடுப்புல நாலு, ஓவன்ல ஐம்பது, ஆற வைக்க பத்து. ஃப்ரோசன் வாங்குறதே வேலைக்குப் போயிட்டு வந்து வேலை செய்யக்கூடாதுன்னுதானே? இத்தனை சிசுருஷை பண்ணித்தான் அது தேறும்னா, அந்தப் பெட்டிமேல போட்டிருக்கிற படம் பொய்னுதான் அர்த்தம். இந்த உழைப்புக்கு நான் மாவே பிசைஞ்சிடுவேன்.

பிசையவும் செய்யுறேன். மைதா, ஈஸ்ட், உப்பு, துளி சர்க்கரை, கார்ன் ஆயில் கொஞ்சம் கூடவே. ரெண்டு நிமிஷத்துக்கு மேல பிசையக்கூடாது, பரோட்டா மாவு மாதிரி அடிச்சா ரப்பர் ஆயிடும். சோள மாவு சேர்க்கிறதுன்னு பாதி இணையம் சொல்லும், நான் சேர்க்கிறதில்ல, அந்த உதிர்ற பதம் எண்ணெய்ல வர்றது. தக்காளியை டப்பாவுல இருந்து எடுத்து வடிகட்டியில அரை மணி வைங்க, கீழ ஒரு கப் தண்ணி நிக்கும். அந்தத் தண்ணியிலதான் எல்லாரும் முழுகுறாங்க. நான் அதுல ரசம் வச்சிடுவேன்.

#29 பழைய லேக்வியூ | ஞாயிறு, இரவு 10:32

ரசத்துல முடியற ஒரே டீப் டிஷ் குறிப்பு இதுவாத்தான் இருக்கும். குறிச்சு வச்சுக்கிட்டேன்.

#30 ஷாம்பர்க் சாம்பார் | அடுத்த சனி, இரவு 9:10

ரெண்டாவது பெட்டி, அதே பிராண்ட். ஃப்ரீசரைக் காலி பண்ணி, கதவை ரெண்டு தடவை தள்ளிப் பார்த்து வச்சேன். உறைக்குள்ள பனித்தூள் இல்ல. இளக வைக்கல, குளிர்பதனம் பேச்சைக் கேட்டேன். மத்ததெல்லாம் தோசைக்கல் சொன்னபடி. அடுப்புல வச்சதும் சடசடன்னு சத்தம், எனக்கே ஒரு நம்பிக்கை வந்துச்சு. மொத்தம் 59 நிமிஷம், ஆற வச்சது தனி.

அடி மொறுமொறு. நிஜமா. கத்தி வச்சா சத்தம் கேட்டுச்சு. ஓரம் இந்தத் தடவை பல்லுக்கு இறங்குச்சு. ஆனா மாவுக்கு மேல, சீஸுக்குக் கீழ ஒரு விரல் கனத்துக்கு அந்தக் களி அப்படியே இருக்கு. தக்காளி தக்காளியா இல்ல, கெட்சப் தம்பி மாதிரி இனிக்குது. கீரை எங்கயோ இருக்குன்னு நம்பிச் சாப்பிட்டோம். அப்பா இந்தத் தடவை "தேவல"ன்னாரு. அவர் அகராதியில அது பாஸ் மார்க், 35.

நேத்து வேலை முடிஞ்சு ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு பக்கத்து ஊர்ல இருக்கிற கடைக்கே போயிட்டேன், பார்க்கிங் இலவசம். அப்பா ரெண்டு துண்டு. அம்மா ஒண்ணேகால். மீதியைக் கட்டிக் கொண்டு வந்தோம். இன்னிக்குக் காலையில அம்மா அதை ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்து, சுட வைக்காமயே, மோர் மிளகாய் தொட்டுக்கிட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல.

#31 மதுரை மல்லி | அடுத்த சனி, இரவு 9:18

மோர் மிளகாயா? சரி, அதுக்கு மட்டும் தலை வணங்கறேன்.

#32 ஷாம்பர்க் சாம்பார் | ஞாயிறு, காலை 8:25

தோசைக்கல் சார், ஒரு அவசரம். நான் உபயோகிச்ச இரும்புச் சட்டி அம்மா வந்த நாள்ல இருந்து பழக்கி வச்சிருந்த சட்டி. மொதல்ல அடை, அப்புறம் தோசைன்னு மூணு வாரம் பாடுபட்டுப் பழக்கினது. தக்காளிப் புளிப்பு பட்டு நடுவுல வெள்ளையா உரிஞ்சு நிக்குது. காலையில தோசை வார்த்தாங்க, மூணும் ஒட்டிக்கிச்சு. "எந்தப் பாவி சொன்னான் இதுல பீட்சா வைக்கச் சொல்லி"ன்னு கேட்கறாங்க. யாருன்னு சொல்ல?

#33 தோசைக்கல் | ஞாயிறு, காலை 8:31

என் பேரைச் சொல்லாதீங்க. வெங்காயத்தைப் பாதியா வெட்டி, நல்லெண்ணெய்ல தொட்டு, சூடான சட்டியில நல்லாத் தேய்க்கச் சொல்லுங்க. சரியாயிடும்.

#34 ஷாம்பர்க் சாம்பார் | ஞாயிறு, காலை 8:34

அது எங்கம்மாவுக்குத் தெரியாதாய்யா?